கடலோர எஸ்டேட்டின் தனிமை யாருடைய சொத்து?

சொத்து விளம்பரங்களில் ஒரு வகை, எந்த நாட்டில் வெளிவந்தாலும், ஏறத்தாழ ஒரே விதமாகவே எழுதப்பட்டிருக்கும். பல ஏக்கர் பரப்புள்ள கடலோர எஸ்டேட். முன்னால் கடல், பின்னால் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா. பக்கத்தில் வேறு வீடு எதுவும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. கடைசியாகச் சொல்லப்படும் அந்த உறுதிமொழிதான் விலையை ஏற்றுகிறது. நிலத்தின் பரப்பு, வீட்டின் அறைகள், படகு கட்டும் துறை ஆகியவற்றை விற்பவர் காட்டலாம், வாங்குபவர் அளந்து பார்க்கலாம். “இனி யாரும் வரமாட்டார்கள்” என்பதை மட்டும் விற்பவர் தம்முடைய பத்திரத்திலிருந்து எடுத்துத் தர முடியாது. பக்கத்து நிலத்தை ஓர் அரசு பொதுப்பணத்தில் காத்து வருவதால் மட்டுமே அந்தத் தனிமை அங்கே இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த உறுதிமொழியைப் பற்றியது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் வாழ்ந்து ஓய்வுபெறும் வயதை நெருங்கும் தமிழர்கள் பலருக்கு, மலேசியாவின் ஜோகூரிலோ, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ, அல்லது இன்னும் தள்ளி மன்னார் வளைகுடாவை ஒட்டியோ கடல் பார்த்த ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை உண்டு. அந்த ஆசையில் குறையேதும் இல்லை. ஆனால் கடலோரமும் காப்புக்காடும் சேர்ந்து வரும் இடத்தில் எது விற்பனைக்கு உரியது, எது உரியதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கட்டுவது பெரிய இழப்பில் முடியக்கூடும். பணம் தப்பினாலும் அந்தக் கரைக்குத் தீங்கு நேரக்கூடும்.

எஸ்டேட் என்ற சொல்லே நமக்கு வேறு நினைவுகளைக் கிளப்புவது. மலாயாவுக்கு வந்த தமிழர்களுக்கு எஸ்டேட் என்றால் பால்மரம், லயம் என்ற வரிசை வீடு, விடியற்காலைப் பெரட்டு என்ற ஆளெடுப்பு, கங்காணியின் குரல். தெற்கு ஜோகூரில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் பாட்டி, “ஒதுக்குப்புறம்” என்ற சொல்லை ஒருநாளும் புகழ்ச்சியாகச் சொன்னதில்லை. மருத்துவரும் பள்ளியும் கடையும் எட்டாத தூரம் என்றே அதற்குப் பொருள் கொண்டார். அதே ஒதுக்குப்புறம் இன்று விலையுயர்ந்த பண்டமாகியிருப்பதற்குக் காரணம், அது மிக அரிதாகிப்போனதுதான்.

சிங்கப்பூரிலேயே இத்தகைய எஸ்டேட் விலைக்கு வருமா? நடைமுறையில் வராது என்றே சொல்லலாம். நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரசுக்குச் சொந்தமானது. கடற்கரையில் உயர் ஓதக் கோட்டுக்கும் (கடல் ஏறும்போது நீர் தொடும் எல்லை) தாழ் ஓதக் கோட்டுக்கும் (கடல் வற்றும்போது நீர் தொடும் எல்லை) இடைப்பட்ட மணலும் சேறும் பொதுவாக அரசு நிலமாகவே கருதப்படுகின்றன. ஆயினும் ஒரு காலத்தில் இங்கும் அப்படிப்பட்ட வீடுகள் இருந்தன. அவற்றில் மூன்று என்னவாயின என்று பார்த்தால், சிங்கப்பூர் இந்தக் கேள்விக்குத் தந்த விடை புரிந்துவிடும்.

முதலாவது லிம் சூ காங் சாலையின் வடகோடியில் உள்ளது. ஜோகூர் நீரிணைக்குள் நீளும் ஒரு படகுத்துறையின் மீது, தூண்களில் நிற்கும் வீடு அது. அந்தத் துறை 1906ல் காஷின் குடும்பத்தாரின் ரப்பர் தோட்டத்துக்காகக் கட்டப்பட்டது. பிறகு அதன்மேல் வீடு எழுந்தது. கடல் ஏறும்போது தண்ணீர் தரைப்பலகைக்கு அடியில் ஓடும். இறங்கும்போது சேற்றுத் திட்டும் கண்டல் (அலையாத்தி) வேர்களும் வெளியே தெரியும். 1942 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பானியப் படைகள் தீவுக்குள் கரையேறியது இந்த வடமேற்குக் கரையோரத்தில்தான். பல பத்தாண்டுகள் ஒரு குடும்பத்தின் தனி வாசத்தலமாக இருந்த அந்த வீடு, பின்னர் அரசின் வசம் வந்தது. 2020ல் அறிவிக்கப்பட்ட, 400 ஹெக்டருக்கும் மேற்பட்ட சுங்கை பூலோ இயற்கைப் பூங்காக் கட்டமைப்பில் லிம் சூ காங் இயற்கைப் பூங்காவும் ஒரு பகுதி. அந்த வீடு அதற்குள் அமைந்திருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் அதை மீட்டமைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. விளம்பரத்தில் வரும் “கடல்மேல் அமைந்த மாளிகை” என்ற வருணனை அப்படியே பொருந்தும் ஒரு வீடு, இன்று யார் வேண்டுமானாலும் நடந்து சென்று நிற்கக்கூடிய இடம்.

இரண்டாவது வீடு புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில், செக் ஜாவாவில் இருக்கிறது. சாங்கி முனையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும் பம்போட் என்ற சிறு படகில் ஏறி, தீவில் இறங்கி, சைக்கிளிலோ முக்கால் மணி நேரம் நடந்தோ சென்றால், மரங்களுக்கு இடையே இங்கிலாந்தின் கிராமம் ஒன்றிலிருந்து பெயர்த்து வைத்ததுபோல ஒரு வீடு தோன்றும். முதலாம் எண் வீடு என்றே அதற்குப் பெயர். தலைமை நில அளவையாளராக இருந்த ஓர் ஆங்கிலேயர் 1930களில் தமக்கு விடுமுறைத் தங்குமிடமாகக் கட்டிக்கொண்டது. டியூடர் பாணி மரச்சட்டங்கள், கருங்கல் அடித்தளம், அவற்றோடு உள்ளே குளிர்காய ஒரு கணப்படுப்பு. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கும் கடற்கரையில், வேர்வை வழிய நடந்து வந்து அந்தக் கணப்படுப்பின் முன்னே நின்றபோது, ஒரு மனிதர் தம் ஊரை எவ்வளவு நினைத்து ஏங்கியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. 2003ல் அந்த வீட்டுக்குப் பாதுகாப்புத் தகுதி வழங்கப்பட்டது. 2007 முதல் அது செக் ஜாவாவின் வருகையாளர் நிலையமாக இயங்குகிறது.

மூன்றாவதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். புலாவ் செராங்கூன் என்ற கோனி தீவில், டைகர் பாம் தைலத்தால் செல்வம் சேர்த்த ஆவ் சகோதரர்கள் 1930களில் ஒரு கடற்கரை மாளிகை கட்டினர். 1950ல் குலாம் மகமூத் என்ற இந்திய வணிகர் தீவை வாங்கி, நியூயார்க்கின் கோனி ஐலண்டைப்போலக் கேளிக்கைத் தலமாக்க முனைந்தார். அந்த முயற்சி நிலைக்கவில்லை, பெயர் நிலைத்தது. 2015 அக்டோபரில் 50 ஹெக்டர் பரப்பில் அது பொதுப்பூங்காவாகத் திறக்கப்பட்டது.

மூன்று வீடுகளும் தற்செயலாக ஒரே முடிவுக்கு வந்தவை என்று எண்ண வேண்டாம். அதன் பின்னே தெளிவான சட்ட வரலாறு இருக்கிறது. 1964ல் கடலோர நிலச் சட்டம் திருத்தப்பட்டது; அரசு கடலைத் தூர்த்து நிலம் உருவாக்கும்போது, கரையோர நிலக்காரருக்குக் கடல்முகப்பு பறிபோனதற்காக இழப்பீடு தர வேண்டியதில்லை என்றானது. 1966ல் நிலக் கையகப்படுத்தல் சட்டம் வந்தது. அதே ஆண்டில் கிழக்குக் கடற்கரையைத் தூர்க்கும் பணி தொடங்கி, சுமார் 1,500 ஹெக்டர் புதிய நிலம் படிப்படியாக எழுந்தது. காத்தோங் பகுதியில் கடலைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்த பங்களாக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. கடல்தான் அவற்றை விட்டு அகன்றது. வாசற்படியில் அலை மோதிய வீட்டின் முன்னே மரின் பரேட் அடுக்குமாடிகளும், அதற்கு அப்பால் நெடுஞ்சாலையும், அதற்கும் அப்பால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும் வந்தன. பத்திரத்தில் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. ஆனால் எதற்காக அந்த வீடு கட்டப்பட்டதோ அது போய்விட்டது.

கடற்காட்சியை இழந்த குடும்பங்களுக்கு அது வருத்தமாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. கையகப்படுத்தலுக்குச் சந்தை விலையையே இழப்பீடாகக் கொடுப்பது என்ற மாற்றம் 2007ல்தான் வந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பாய் விரித்து, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, பிள்ளைகளைத் தண்ணீரில் விளையாட விட்டிருக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது, கரையைப் பொதுவாக்கிய அந்த முடிவு சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். 735 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள நாட்டில், கடலைப் பார்ப்பது ஒரு சிலரின் பத்திரத்துக்குள் அடங்கியிருந்தால் மற்றவர்களுக்கு எஞ்சியிருப்பது மிகக் குறைவு.

அடுத்ததாக, “பாதுகாக்கப்பட்ட” என்ற சொல்லை ஆராய வேண்டும். விளம்பரத்தில் அது ஒரே பொருளில் வருகிறது. சட்டத்தில் அதற்குப் பல படிகள் உண்டு. சிங்கப்பூரில் புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடோர் ஆகிய நான்கு மட்டுமே சட்டப்படி அறிவிக்கப்பட்ட இயற்கைவனக் காப்பகங்கள். பின்னிரண்டும் 2002 தொடக்கத்தில் அந்தத் தகுதியைப் பெற்றன. அவற்றுக்குள் செடியைப் பிடுங்கினாலோ விலங்கைப் பிடித்தாலோ 50,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அடுத்த படியில் இருப்பவை இயற்கைப் பூங்காக்கள். பெரும்பாலும் காப்பகத்தைச் சுற்றித் தாங்கு வளையம்போல அமைக்கப்படுபவை. அதற்கும் கீழே, திட்ட வரைபடத்தில் இயற்கைப் பகுதி என்று குறிக்கப்பட்டு, நிர்வாக ஏற்பாட்டின் மூலம் மட்டும் காக்கப்படுபவை.

செக் ஜாவா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2001ல் அந்தக் கரையைத் தூர்ப்பதாகத் திட்டம் இருந்தது. கடற்புல், பவளச் சிதைவுத் திட்டு, மணற்பரப்பு, பாறைக்கரை, கண்டல், கரையோரக் காடு ஆகிய ஆறு வகை வாழிடங்கள் ஏறத்தாழ 100 ஹெக்டருக்குள் நெருங்கி இருப்பதை ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் எடுத்துக்காட்டினர். கடல் வற்றிய நாள்களில் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்த்தனர். அந்த ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலுமாக, தூர்ப்புப் பணி ஒத்திவைக்கப்படுவதாக அரசு அறிவித்தது. வளர்ச்சித் தேவை எழாத வரையில் தீவு இருந்தபடியே விடப்படும் என்பதே நிலைப்பாடு. ஒத்திவைப்பு வேறு, கைவிடல் வேறு. மக்கள் விரும்பிப் போற்றும் ஓர் இடத்துக்கே இந்த அளவு உறுதிதான் உண்டு என்றால், எங்கோ ஒரு நாட்டில் விற்பனை முகவர் ஒருவர் பூங்காவைக் காட்டி “இது என்றைக்கும் இப்படியேதான் இருக்கும்” என்று சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் தகுதியில், யார் நினைத்தால் அதை மாற்றலாம் என்ற மூன்றும் எழுத்தில் வராத வரையில் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

இதுவரை சொன்னது வாங்குபவரின் பக்கம். பூங்காவின் பக்கத்திலிருந்து பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். சுங்கை பூலோவுக்கு ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வருகின்றன. சைபீரியா முதல் ஆஸ்திரேலியா வரை நீளும் வான்வழியில் இது அவற்றுக்கு ஓர் ஓய்விடம். பவளக்காலிகளும் உப்புக்கொத்திகளும் கடல் வற்றும்போது கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளியுள்ள மண்டாய்ச் சேற்றுத் திட்டில் இறங்கிப் புழுக்களையும் நண்டுகளையும் தின்கின்றன. கடல் ஏறியதும் சுங்கை பூலோவின் குளக்கரைகளுக்குத் திரும்பி இளைப்பாறுகின்றன. இரண்டில் ஒன்று போனாலும் மற்றது தனியாகப் பயன்படாது. பல ஆண்டுகள் காப்பகத்துக்கு வெளியே கிடந்த அந்தச் சேற்றுத் திட்டையும் இயற்கைப் பூங்காவாக்க அரசு முடிவு செய்தது இதனால்தான். காப்பகத்தின் உயிர் அதன் வேலிக்குள் மட்டும் இருப்பதில்லை.

அப்படியானால், வேலியை ஒட்டிய தனியார் எஸ்டேட்டில் நடப்பது எதுவும் அந்த எஸ்டேட்டின் சொந்த விவகாரமாக முடிவதில்லை. இரவெல்லாம் எரியும் தோட்ட விளக்கு, கரையில் எழுப்பிய கான்கிரீட் சுவர், நீச்சல்குளத்திலிருந்து வெளியேறும் குளோரின் நீர், காட்டுக்குள் புகுந்து குஞ்சுகளைப் பிடிக்கும் வீட்டுப் பூனை, அழகுக்காக நட்ட அயல்நாட்டுக் கொடி என ஒவ்வொன்றும் அடுத்த நிலத்துக்குள் நுழைகிறது. கண்டல் காட்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கடல்மட்டம் உயரும்போது கண்டல் மெல்ல மெல்ல நிலப்பக்கம் நகர்ந்துதான் பிழைக்கிறது. பின்னால் ஒரு சுவர் நின்றால், முன்னே கடலுக்கும் பின்னே கல்லுக்கும் நடுவில் நசுங்கி அழிகிறது. தனிமைக்காகக் காட்டின் ஓரத்தில் வீடு வாங்கியவர் தம் நிலத்தைக் காக்கக் கட்டும் சுவரே, அவர் விலை கொடுத்து வாங்கிய காட்சியை அழிக்கும்.

நம் மொழி இதை வெகுகாலத்துக்கு முன்பே அறிந்திருந்தது என்று நினைக்கிறேன். நெய்தல் நிலத்தைப் பாடிய பழம்புலவர்களுக்குக் கடற்கரை என்பது ஒரு கோடாக இருந்ததில்லை. மணல் மேடு, அதன் பின்னே புன்னையும் தாழையும் நிற்கும் கானல், அதை ஊடுருவும் உப்பங்கழி, கழியோரக் கண்டல் என்று அகன்று விரியும் ஒரு பட்டையாகவே அவர்கள் அதைக் கண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்தார்கள். இன்றைய நில அளவையோ ஒரு கோட்டைப் போட்டு, இந்தப் பக்கம் பட்டா, அந்தப் பக்கம் கடல் என்கிறது. சிக்கலெல்லாம் அங்கே தொடங்குகிறது.

சிங்கப்பூரில் கடலோரத் தரைவீடு வாங்க விரும்பும் வெளிநாட்டவருக்கு, ஒப்புதல் பெற்று வாங்கக்கூடிய இடமாக இருப்பது செந்தோசா கோவ். நிலம் 99 ஆண்டுக் குத்தகை. மற்ற இடங்களில் தரைவீடு வாங்க 1976ஆம் ஆண்டின் குடியிருப்புச் சொத்துச் சட்டம் குடிமக்கள் அல்லாதோருக்குக் கடுமையான தடை வைத்திருக்கிறது. நிரந்தரவாசிகளுக்கும் தனி ஒப்புதல் தேவை. 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவர் எந்த வீடு வாங்கினாலும் விலையில் 60 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தடையிலா வணிக உடன்பாடுகளால் அமெரிக்கக் குடிமக்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 10 மில்லியன் வெள்ளி வீட்டுக்கு 6 மில்லியன் வெள்ளி அந்தத் தீர்வைக்கே போகும். வழக்கமான முத்திரைத் தீர்வை 539,600 வெள்ளி தனி. சாங்கி முதலிய இடங்களில் பரந்த தோட்டத்துடன் நிற்கும் கறுப்பு வெள்ளை பங்களாக்களைப் பார்த்து ஆசைப்படுவோரும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை அரசுடைமை. வாடகைக்குக் கிடைக்கலாம், விலைக்குக் கிடைக்காது.

ஆகவேதான் நம்மவர்களின் பார்வை எல்லைக்கு அப்பால் போகிறது. ஜோகூரில் வெளிநாட்டவர் வீடு வாங்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். குறைந்தபட்ச விலை வரம்பும் உண்டு. மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை வாங்கவே முடியாது. விவசாய நிலத்துக்கும் தடைகள் உள்ளன. தென்மேற்கு ஜோகூரின் தஞ்சோங் பியாய், குக்கூப் தீவு, சுங்கை பூலாய் ஆகிய மூன்று கண்டல் பகுதிகளும் 2003ல் ராம்சார் என்ற பன்னாட்டு உடன்பாட்டின் கீழ் முக்கிய ஈரநிலங்களாகப் பட்டியலிடப்பட்டவை. பட்டியலில் இருப்பதால் கரை கரையாமல் இருந்துவிடுவதில்லை. தஞ்சோங் பியாயின் கண்டல் விளிம்பு, கப்பல்கள் எழுப்பும் அலைகளால் அரிக்கப்பட்டு வருகிறது.

தமிழ்நாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மில் பலர் ஏமாறுவது அங்கேதான். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்று, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் இந்தியாவில் வீடோ வணிகக் கட்டடமோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டப்பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க அந்நியச் செலாவணிச் சட்ட விதிகள் அனுமதிப்பதில்லை. வாரிசுரிமையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். கடலோரத்தில் விற்கப்படும் “பீச் எஸ்டேட்” பல ஆவணத்தில் இன்னும் புஞ்சை நிலமாகவோ தென்னந்தோப்பாகவோ இருக்கும். பண்ணை வீடு என்ற பெயரே ஓசிஐக்காரருக்கு எச்சரிக்கை.

அதற்கு மேல் கடலோர ஒழுங்காற்று மண்டல விதிகள் இருக்கின்றன. 1991ல் முதன்முதலில் வந்து, 2011லும் 2019லும் திருத்தி வெளியிடப்பட்ட அந்த அறிவிக்கைகளின்படி, உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஊரகக் கரைகளில், மக்கள் அடர்த்தி மிகுந்த இடமானால் 50 மீட்டரும், மற்ற இடங்களில் 200 மீட்டரும் புதிய கட்டுமானத்துக்குத் தடைப்பட்ட பகுதி. கண்டல் காடு, பவளப்பாறை, மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை ஆகியவை மிகக் கடுமையான முதல் வகையில் வருகின்றன. கோடியக்கரை போன்ற வனவிலங்குச் சரணாலயங்களின் எல்லையை ஒட்டிய நிலத்துக்குச் சூழல் உணர்திறன் மண்டல விதியும் சேரும். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காப்பிடங்களைச் சுற்றியும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் மண்டலம் வேண்டும் என்றது. 2023 ஏப்ரலில் அதைத் தளர்த்தி, இடத்துக்கு இடம் முடிவு செய்ய வழிவிட்டது. பத்து மாதத்தில் ஒரு நிலத்தின் தலையெழுத்து இருமுறை மாறியிருக்கக்கூடும்.

புறம்போக்கு என்ற சொல்லை இன்று வசையாகப் பயன்படுத்துகிறோம். அது வரிவிதிப்புக்குப் புறம்பாக, ஊரின் பொதுத்தேவைக்கு விடப்பட்ட நிலத்தின் பெயர். கடற்கரைப் புறம்போக்கில்தான் வலை காய்கிறது, கட்டுமரமும் ஃபைபர் படகும் ஏற்றி வைக்கப்படுகின்றன, கருவாடு உலர்கிறது, திருவிழாவுக்குக் கடவுள் கடலாட வருகிறார். விளம்பரப் படத்தில் அந்த மணல் வெறிச்சோடிக் கிடக்கும், ஏனென்றால் படம் எடுத்தது நண்பகலில். விடியற்காலை நான்கு மணிக்கு அங்கே ஓர் ஊரே நிற்கும். எஸ்டேட் வாங்கியவர் வேலியை மணல்வரை நீட்டி, காவலாளியை நிறுத்தி, “தனியார் கடற்கரை” என்று பலகை வைத்தால், தலைமுறை தலைமுறையாக நடந்த பாதை அடைபடுகிறது. அந்தப் பாதை அடைபட்ட பிறகு கிடைக்கும் அமைதியைத் தனிமை என்று பெயரிட்டு விற்கக் கூடாது. அது பிறரிடமிருந்து எடுத்தது. இதில் எனக்குத் தயக்கமில்லை.

கரையோரத்து வெளிச்சமும் அப்படித்தான். ஜனவரி முதல் மார்ச் வரை சோழமண்டலக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் பொரிந்து வந்ததும் கடல்மேல் தெரியும் வெளிச்சத்தை நோக்கி நகரும் இயல்புடையவை. கரையில் மின்விளக்கு எரிந்தால் எதிர்ப்பக்கம் திரும்பித் தோட்டத்துக்குள்ளும் சாலைக்கும் போய்ச் சாகின்றன. மன்னார் வளைகுடாவில் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக இருக்கும் 21 தீவுகளில் இரண்டு, பவளப்பாறையை வெட்டியெடுத்ததன் விளைவாகக் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தேசியப் பூங்கா என்ற தகுதி அவற்றைக் காப்பாற்றவில்லை. 

கடல்மட்டத்தைப் பற்றிய கணக்கையும் விற்பவர் சொல்லமாட்டார். 2024 ஜனவரியில் வெளியான சிங்கப்பூரின் மூன்றாம் பருவநிலை ஆய்வு, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது. இந்நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குள்தான் இருக்கிறது. 2011 முதல் புதிதாகத் தூர்க்கும் நிலத்தின் குறைந்தபட்ச உயரம் 3 மீட்டரிலிருந்து 4 மீட்டராக்கப்பட்டது. கிழக்குக் கரைக்கு அப்பால் 800 ஹெக்டரில் ‘நீளத்தீவு’ ஒன்றை உருவாக்கிக் கரையைக் காப்பது பற்றி ஆய்வு நடக்கிறது. அரசு ஒன்று நாடு முழுவதற்குமாகச் செய்யும் வேலை இது. ஒதுக்குப்புற எஸ்டேட்டின் உரிமையாளர் தனியொருவராக இதைச் செய்ய முடியாது. உயர் ஓதக் கோடு உள்ளே நகர நகர, பொது நிலமும் தடை மண்டலமும் அதனுடன் சேர்ந்தே உள்ளே நகரும். பத்திரத்தில் எழுதிய எல்லை மட்டும் பழைய இடத்தில், தண்ணீருக்கு அடியில் நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றிருப்பவர்கள், வில்லங்கச் சான்றும் புலப்படமும் மண்டல வரைபடமும் கையில் வாங்கியபின், அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில் அந்த நிலத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். முகவர் சொல்லும் நேரத்தில் போகாமல், கடல் முழுதாக ஏறியிருக்கும் நேரத்தில் போக வேண்டும். உலர்ந்த கடற்புல்லும் சிப்பியும் பிளாஸ்டிக் புட்டியும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோடு எந்தத் தென்னைவரை வந்திருக்கிறது என்று காலடி வைத்து அளக்க வேண்டும். பிறகு வலை பின்னிக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவரிடம், “ஐயா, கடலுக்குப் போற பாதை எந்தப் பக்கம்?” என்று கேட்க வேண்டும். அவருடைய கை, விலை பேசிக்கொண்டிருக்கும் அந்த எஸ்டேட்டின் வாசலைக் காட்டினால், வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது.